ஜெயராணி கோலத்தின் மேல் ஆடிய நாள்

ஜெயராணியை அறிந்த எல்லோருக்கும் வணக்கம். என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். மண்வெட்டிக்குப் பழகிய விரல்கள் பேனாவை அழுத்திப் பிடிப்பதால் தாளில் அங்கங்கே ஓட்டையும் விழுந்திருக்கும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. ஜெயராணியிடம் டென்னிஸ் கற்று, இப்போது இந்த மலரைத் தொகுக்கிற ஜான்சி, "நீங்க சொல்லுங்க தாத்தா, நான் எழுதிக்கிறேன்" என்றாள். நான் விடவில்லை. எழுத்துத் தெரிந்த பிறகும் இன்னொருவர் கையால் எழுத வைப்பானேன்? நினைவு மலரில் அச்சாகும்போது கோடு நேராகிவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் வீரணன். ஜெயராணி பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. உங்களில் பலருக்கு அவர் மேடம். எனக்குத் தங்கச்சி முறை. அதனால் 'அவள்' என்றுதான் எழுத வரும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாவுச் செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்தேன். சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றதிலிருந்து சுவரில் இருக்கும் எதையும் நான் விடுவதில்லை. மாவு மில் விளம்பரம், மூல வைத்தியர் விளம்பரம், கட்சிக் கூட்டம், எல்லாம் படிப்பேன். அன்று காலை வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் ஒரு புது சுவரொட்டி ஈரம் காயாமல் இருந்தது. ஜெ, ய, ரா, ணி. ஒரு இடத்திலும் தடுக்காமல் முழுப் பெயரையும் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் சிரித்தும்விட்டேன். அதன் பிறகுதான் மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்ததைக் கூட்டினேன்.

மதுரை மருத்துவமனையில் முந்தின நாள் சாயங்காலம் உயிர் போயிருக்கிறது. வீட்டில் சார்ஜில் கிடந்த போனில் ஜான்சி பலமுறை கூப்பிட்டிருக்கிறாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வரும்போது, அவளிடம் டென்னிஸ் கற்ற பிள்ளைகள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, பந்து வெளிய விழுந்தத நாங்க உள்ளன்னு சாதிச்சா, 'இது கோழி கொத்துனது'ன்னு மேடம் சொல்வாங்க. அது என்ன தாத்தா?"

எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. இத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லைச் சொல்லிவந்தவள் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் தன்னைப் பற்றியே பெருமை பேசியதாகிவிடும் என்று விட்டிருப்பாள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதனால் சொல்கிறேன்.

ஜெயராணியின் அப்பா அருளப்பன் திண்டுக்கல்லில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தார். டென்னிஸ் கோர்ட்டுக்குச் சாணம் மெழுகுவது, உருளை இழுப்பது, வலை கட்டுவது எல்லாம் அவர் வேலை. நரம்பு அறுந்த மட்டைகளை அங்கே தூக்கிப் போடுவார்கள். அவர் அதில் நைலான் கயிறு பின்னி மகளிடம் கொடுப்பார். எங்கள் ஊர் நெல் களத்தை ஒட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. அதன் சுவர்தான் ஜெயராணிக்கு எதிராளி. சுவர் ஒருநாளும் தோற்காது. அவளும் ஒருநாளும் சலிக்க மாட்டாள். களத்தில் நெல் குவிப்பதால் செருப்புப் போட்டு யாரும் ஏறக்கூடாது. ஆகவே வெறுங்காலில்தான் ஆடிப் பழகினாள்.

அவளுக்குப் பதினாறு வயது நடந்தபோது மாவட்டப் போட்டியில் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். அதில் வெல்கிற ஒருத்திக்குத்தான் சென்னை முகாம். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த ஆண்டோடு அவளுடைய வயதுப் பிரிவும் முடிகிறது. தோற்றால் அதற்கு மேல் அனுப்ப அருளப்பனுக்கு வழி இல்லை. ஜெயராணிக்கும் அது தெரியும், எங்கள் தெருவுக்கே தெரியும்.

அது ஐப்பசி மாதம். டவுன் கோர்ட்டில் தண்ணீர் குளமாக நின்றது. மழை விட்டு வெயில் காய்ந்தும் வடியவில்லை. பெயரைச் சென்னைக்கு அனுப்பக் கடைசி நாள் நெருங்கியதால் கிளப் செயலாளர் தவித்துக்கொண்டிருந்தார். அருளப்பன்தான் தயங்கித் தயங்கி, "எங்க ஊருக் களம் மேட்டுல இருக்கு சார், தண்ணி நிக்காது" என்று சொல்லியிருக்கிறார். எதிர்த்து ஆட வேண்டியவள் கொடைக்கானலில் விடுதிப் பள்ளியில் படித்த அனிதா. அவளும் சம்மதித்துவிட்டாள்.

அவ்வளவுதான், எங்கள் தெரு திருவிழாக் கோலம் பூண்டது. பெண்கள் கூடிக் களத்தைச் சாணம் போட்டு மெழுகினார்கள். அது காய்ந்ததும் அருளப்பன் சொன்ன அளவில் நான் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டேன். ஓரக் கோடு, குறுக்குக் கோடு, வலைக்கு இருபுறமும் கட்டங்கள் என்று எல்லாம் கச்சிதமாக விழுந்தது. வலையைக் கொண்டுவர நானும் அருளப்பனும் டவுனுக்குப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால், களம் முழுவதும் கோலம்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். முன் கட்டங்கள் நான்கிலும் நான்கு தாமரை. பின்னால் இரண்டு பக்கமும் சிக்குக் கோலம். ஜெயராணி வீட்டார் வேதக்காரர்கள் என்பதை நினைத்து நடுவில் ஒரு நட்சத்திரமும் வைத்திருந்தார்கள். எல்லாம் பச்சரிசி மாவு. கோடும் வெள்ளை, கோலமும் வெள்ளை. எது எது என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் காரியத்துக்குத் தலைவி என் மனைவி பேச்சியம்மாள்.

செயலாளரும் அனிதாவும் காரில் வந்து இறங்கினார்கள். செயலாளர் களத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி களத்தைப் பார்த்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். பேச்சியம்மாள் முன்னால் வந்தாள்.

"நாந்தான் போட்டேன். பட்டணத்துல இருந்து நீங்க வாறீக. சாணி மொழுகின தரைய மொட்டையா விட்டா எழவு வீடுன்னுல்ல நெனப்பீக?"

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. கோலத்தைப் பெருக்கினால் கோடும் சேர்ந்து போய்விடும். திரும்பப் போடச் சுண்ணாம்பும் இல்லை, நேரமும் இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தரை தயாராக இல்லாததால் அனிதா வென்றதாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொன்னார். அருளப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பேச்சியம்மாளின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஜெயராணி மட்டும் களத்தின் ஓரமாகக் குனிந்து பார்த்தபடி ஒரு சுற்று நடந்தாள்.

"அண்ணி, அண்ணன் போட்ட கோட்ட என்ன பண்ணீக?"

"அத நான் ஏன் தொடுறேன்? அதக் கரையா வச்சு உள்ளதான் போட்டோம். ஒரு புள்ளி வெளிய போகல. உள்ள இருக்க கட்டத்துக்கும் அப்படித்தான்."

ஜெயராணி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதவில்லை.

"சார், பந்து விழுந்து கோலம் கலைஞ்சா உள்ள. கலையலைன்னா வெளிய. இதவிடத் தெளிவான கோடு டவுன்லகூடக் கிடையாது."

செயலாளர் அனிதாவைப் பார்த்தார். அவள் அதற்குள் வெள்ளை ஷூக்களைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். களத்தில் அதோடு ஏறக்கூடாது என்று பேச்சியம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தாள். "எனக்குச் சம்மதம் சார். இவ்வளவு அழகான கோர்ட்ல நான் ஆடினதே இல்ல" என்றாள். வெறுங்காலை மெழுகின தரையில் வைத்ததும், குளுகுளுவென்று இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே எங்கள் தெரு அவளுக்குப் பாதி வசமாகிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. நான் சொல்லப்போவதை நம்புங்கள். அதுவரை எங்கள் ஊரில் டென்னிஸ் யாருக்கும் புரிந்ததில்லை. இரண்டு பேர் ஒரு பந்தை இங்கேயும் அங்கேயும் அடிக்கிறார்கள், திடீரென்று ஒருவர் தலையில் கைவைக்கிறார், அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முதல் அடி குறுக்கே இருக்கும் தாமரையில் விழ வேண்டும். பிறகு கோலத்துக்குள் எங்கே விழுந்தாலும் செல்லும். மண்ணில் விழுந்தால் செல்லாது. இதற்கு என்ன படிப்பு வேண்டும்? "தாமரைக்குள்ள போடு ஆத்தா" என்று ஒரு பெரியவர் வெற்றிலை வாயோடு கத்தினார். ஜெயராணிக்கு மட்டும் இல்லை, அனிதாவுக்கும் அதையே கத்தினார். தரையில் ஒவ்வொரு பந்து விழும்போதும் 'புஸ்' என்று மாவு எழும்.

முதல் செட்டை அனிதா எடுத்தாள். இரண்டாவதை ஜெயராணி எடுத்தாள். மூன்றாவதில் இருவர் காலும் முழங்கால் வரை வெள்ளை. பின்னால் இருந்த சிக்குக் கோலம் எல்லாம் மிதிபட்டு மங்கிவிட்டது. முன்னால் இருந்த தாமரைகள் மட்டும் ஓரளவு பிழைத்திருந்தன. இதற்கிடையில் பச்சரிசி மாவு வாசனைக்குக் கோழிகள் வேறு. விரட்டுவதற்கென்றே பேச்சியம்மாள் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் சூடு பிடித்ததும் குச்சியை மறந்து ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயராணி வென்றுவிடுவாள் என்ற இடம் வந்தது. பந்து போய் வந்து, போய் வந்து, கடைசியில் ஜெயராணி மெல்லத் தட்டினாள். அது வலையைத் தாண்டிச் சரிந்து, இடது ஓரத் தாமரையின் இதழ் நுனிப் பக்கமாக விழுந்தது. உள்ளேயா வெளியேயா என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவராக இருந்த செயலாளர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். இதழ் நுனி கலைந்திருந்தது. கையை உயர்த்தி, உள்ளே என்றார்.

பேச்சியம்மாள் குலவையிட்டாள். தெருவே எழுந்து நின்றது. அருளப்பன் அழுதேவிட்டார். நான் யாரையோ கட்டிப் பிடித்தேன், யாரை என்று இப்போது நினைவில்லை.

ஜெயராணி வலையைச் சுற்றி நடந்து அந்த இதழின் அருகே போய் உட்கார்ந்தாள். விரலால் தொடாமல் பார்த்தாள். பிறகு எழுந்து சொன்னாள்:

"இல்ல சார். இது கோழி கொத்துனது. செத்த முன்னாடி நான் பாத்தேன். பந்து வெளிய விழுந்துச்சு."

முதலில் சண்டைக்கு வந்தது என் மனைவிதான்.

"ஏய் கிறுக்கி, கோழியும் ஏங் கோழி, கோலமும் ஏங் கோலம். நான் சொல்றேன், உள்ளதான்."

"கோழி கொத்துனதுக்கு நான் எப்படி அண்ணி ஜெயிக்கிறது?"

அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, பெரிய நியாயம் பேசுகிற மாதிரியும் சொல்லவில்லை. குழம்புக்கு உப்புப் போடவில்லை என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக்கு நடந்தாள். அனிதா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களைக் கொன்றது. அந்தப் புள்ளி போனது, அந்த கேமும் போனது, அடுத்ததும் போனது. இப்போது அனிதாவுக்கு ஒரு புள்ளி போதும் என்றாகிவிட்டது. சென்னை முகாம், ரயில், எல்லாம் அந்தக் கோழியின் அலகில் போய்விட்டதே என்று பொருமினேன். அருளப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயராணி மட்டும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பாரம் இல்லை. ஆட்டம் நீண்டது அவளுக்குப் பிடித்திருந்தது போலத் தோன்றியது. இப்படியும் ஒரு பிள்ளை இருக்குமா என்று நினைத்தேன்.

அந்தப் புள்ளியை அவள் எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். சமமாக வந்து, ஒன்று கூடி, ஒன்று குறைந்து, கடைசியில் அவளுக்கு மறுபடி ஒரே ஒரு புள்ளி தேவை என்ற இடம் வந்தது. முதல் அடிக்குப் பந்தை மேலே எறிந்தாள். மட்டை பட்ட சத்தம் கிட்டங்கிச் சுவரில் மோதித் திரும்பியது. பந்து வலது தாமரையின் நடுப்பொட்டில் விழுந்தது. மாவு ஒரு ஆள் உயரத்துக்குப் புகை போல எழுந்தது. அனிதாவின் மட்டை அசையவே இல்லை. செயலாளர் இறங்கி வந்து பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அன்று பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். குற்றவாளிக் கோழியைப் பேச்சியம்மாள் குழம்பாக்கிவிட்டாள். செயலாளர் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அனிதாவும் ஜெயராணியும் மாவுக் காலோடு எதிரெதிரே உட்கார்ந்து, யார் எந்தப் பந்தை எப்படி அடித்தோம் என்று கையால் காற்றில் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குழம்பு இலையில் ஆறிப் போனது.

கொடைரோட்டில் ஜெயராணியை ரயிலேற்றத் தெருவே போனது. பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாநிலப் பட்டம், தேசியப் பட்டம், வெளிநாட்டு ஆட்டங்கள். ஊருக்கு வரும்போது நான் கேட்டிருக்கிறேன், அங்கே எது கஷ்டம் என்று. "எதிராளி இல்லண்ணே, காலுல மாட்டுற ஷூதான்" என்பாள். இரட்டையர் ஆட்டத்தில் அவளோடு சேர்ந்து தேசியப் பட்டம் வாங்கியது யார் தெரியுமா? அதே அனிதாதான். டெல்லியில் ஒரு பெரிய ஆட்டத்தில் நடுவர் தவறாக ஜெயராணிக்குப் புள்ளி கொடுத்தபோது, இவள் மறந்துபோய்த் தமிழிலேயே "கோழி கொத்துனது" என்று சொல்லியிருக்கிறாள். நடுவர் விழித்தாராம். அவளோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த அனிதா சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாளாம். அந்தப் புள்ளி போனது, ஆட்டமும் போனது. அதைச் சொல்லும்போதும் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

முழங்கால் ஒத்துழைக்காமல் ஆட்டத்தை நிறுத்திய பிறகு, எத்தனையோ ஊர்களில் கூப்பிட்டும் போகாமல், நத்தம் சாலையில் மாந்தோப்பு ஓரமாக அவள் கோர்ட் போட்டாள். பூ பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள், தக்காளி ஏற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து ஆடினீர்கள். "தோத்தா பந்தக் குறை சொல்லாத, ஜெயிச்சா மட்டையப் புகழாத" என்று உங்களை அதட்டியதை நானே கேட்டிருக்கிறேன். நான் எழுத்துப் படிக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் மிட்டாய் டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். "இனிமே என்னப் பத்திப் பேப்பர்ல வந்தா நீயே படிச்சுக்கலாம்ணே. டீக்கடையில யாரும் கூட்டிக் குறைச்சுச் சொல்ல முடியாது" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அன்றைக்கு ஜெயராணி அந்தப் புள்ளியைத் திருப்பித் தந்தது தன் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியம் என்றார். "அதுக்கப்புறம் அவ பக்கத்துல ஆடும்போது நான் கோட்டப் பாத்ததே இல்ல. அவ சொன்னா அதுதான்" என்றார்.

எனக்கு அவளிடமிருந்து என்ன மிச்சம் என்று ஜான்சி எழுதச் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். சென்ற செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வாசலில் சின்னச்சாமியோடு தாயம் ஆடினேன். எனக்குத் தாயம் விழுந்தால் அவன் காயை வெட்டி வெல்லலாம். கட்டையை உருட்டினேன். அது சிமெண்டுத் தரை விரிசலில் சாய்ந்து நின்றது. சின்னச்சாமிக்குக் கண்ணில் புரை. "தாயம் விழுந்துட்டு, வெட்டு" என்று அவனே சொன்னான். நான் குனிந்து பார்த்தேன். தாயம் இல்லை. இல்லை என்று சொல்லிக் கட்டையை அவன் கையில் கொடுத்தேன். அந்த ஆட்டம் போனது.

"படிக்கப் போனதுல இருந்தே நீ ஒரு மாதிரியாத்தான்டா இருக்க" என்றான் சின்னச்சாமி.

தோற்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கால் தரையில் பாவவில்லை. இந்த வயதில் இப்படி நடந்து நெடுநாளாயிற்று. அந்த நடைதான் அவள் எனக்கு விட்டுப்போனது. வருகிற செவ்வாயும் ஆட்டம் இருக்கிறது. சின்னச்சாமி விடமாட்டான். என்ன ஆனதென்று புதன்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.